தமிழைத் தொட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள்

வியாழன் இரவு, திருப்பதி

மாங்காய் விலை சொல்லும் எங்கள் ஆப் வெளியானதிலிருந்து அனலிடிக்ஸில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் உள்ள புத்தலப்பட்டுப் பக்கம் நிறையப் பேர் மொழியைத் தமிழுக்கு மாற்றுகிறார்கள். கொஞ்ச நேரம் திரையில் எதையும் தொடுவதில்லை. பிறகு தெலுங்குக்கே திரும்பிவிடுகிறார்கள். "தமிழ் யாருக்கும் வேணாம்போல, எடுத்துடலாம்" என்கிறார் மேனேஜர். நாளைக்கு முடிவு. அந்தத் தமிழை எழுதியவன் நான். அவ்வளவு மோசமாகவா எழுதிவிட்டேன்?

பொறுக்க முடியாமல் இன்று புத்தலப்பட்டுக்கே போனேன். அங்கே என் சின்னம்மாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. போனில் எங்கள் ஆப்பும் இருக்கிறது.

"தமிழ்ல வெச்சு விலை பாரு சின்னம்மா" என்றேன்.

தமிழைத் தொட்டாள். உடனே போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற?"

"தமிழ்னு போட்டு கீதே, பேசும்னு பாத்துக்கினு கீறேன். எப்பவும் ஒண்ணும் பேச மாட்டேங்குதுப்பா."

"அத படிக்கணும் சின்னம்மா."

"நான் படிச்சதெல்லாம் தெலுங்கு மீடியம். தமிழ் பேசத்தான் தெரியும், படிக்க எங்க வரும்?"

இது எனக்குத் தெரியாததா? எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனாலும் ஆப்புக்குத் தமிழ் எழுதும்போது அது தோன்றவில்லை. மற்றவர்களும் காதில்தான் வைக்கிறார்களா என்று இன்னும் நாலு வீட்டில் கேட்க வேண்டும்.

திரையைத் தொடாத அந்த நேரத்துக்கு 'ஆர்வமில்லை' என்று பெயர் வைத்திருந்தோம். போனைக் காதில் வைத்துக் காத்திருப்பவர்கள் திரையை எப்படித் தொடுவார்கள்?