கொரியாக்காரன் கடையில் உன் மாமியார்

கிள்ளான்
10.10.1993

அன்பு மகள் சீதாலெட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஜெயராஜும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். மற்றபடி இது கோபத்தில் எழுதுகிற கடிதம், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் என்னை அம்பாங்கில் ஒரு கொரியாக்காரன் கடைக்கு அழைத்துப்போனான். அவன் வேலை செய்கிற கட்டடத்து கொரியா இன்ஜினியர்கள் சாப்பிடுகிற இடமாம். மாடு, பன்றி கலக்காமல் செய்யச் சொல்லிட்டேன், வாம்மா என்றான். உள்ளே போனால் மேசையில் உன் மாமியார் நல்லம்மாள், பக்கத்தில் உன் கொழுந்தன். அப்போதுதான் ஜெயராஜ் வாயைத் திறந்தான். உன் பிரசவத்துக்கு நானும் உன் மாமியாரும் ஒரே விமானத்தில் பெர்த்துக்கு வர நீ டிக்கெட் எடுத்துவிட்டாயாம், அதற்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக வேண்டுமாம். நம் சாப்பாடு என்றால் ஒருத்தர் சமையலை ஒருத்தர் குறை சொல்வார்கள், கொரியாக்காரன் சமைத்ததில் யார் யாரைச் சொல்வது என்று போனில் நீதான் யோசனை கொடுத்தாயாம். நல்ல மூளை, இதற்குத்தான் உன்னைப் படிக்கவைத்தோம்.

அந்த அம்மா வீட்டில் நான் பச்சைத்தண்ணீர் குடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். உன் கல்யாணப் பந்தியில் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றுவதற்குள், எங்க ஆளுங்களுக்கு இடமில்லாத பந்தியில எனக்கென்ன சோறு என்று எழுந்து, பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். உன் அப்பா சாம்பார் வாளியோடு அந்தப் பஸ் வரைக்கும் ஓடினார். நீ உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தாய், நான் பார்த்தேன்.

கொரியாக்காரன் கடையில் நானும் அப்படியே எழுந்து வந்திருப்பேன், கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் கொழுக்கட்டை மாதிரி மடித்து அவித்தது ஒரு தட்டும், சிவப்பாக என்னவோ பூசிய பொரித்த கோழி ஒரு தட்டும் வந்தது. கோழி மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், இனிப்புதான் கூட. உன் மாமியார் ஒரு தொடையை எடுத்து என் தட்டில் வைத்து, சாப்பிடுங்க சம்பந்தி, சீதா கல்யாணத்துல உங்க வீட்டுல சாப்பிட்ட மாதிரி இன்னிக்கு வரைக்கும் எங்கயும் சாப்பிட்டதில்ல, அந்தச் சாம்பார் இன்னும் நாக்குல இருக்கு என்றார். குத்திக் காட்டுகிறார் என்று எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. நீங்க எங்க சாப்பிட்டீங்க, சாம்பார் வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்களே என்று கேட்டேவிட்டேன். நானா, எந்தப் பஸ்ஸு என்றார். முகத்தைப் பார்த்தேன், நடிப்பு இல்லை. பிறகு கொழுக்கட்டையைக் காட்டி இது என்ன சம்பந்தி என்றார், சொன்னேன், தின்றார், மறுபடியும் இது என்ன என்றார், நாலு தடவை. ஜெயராஜைச் செத்துப்போன தன் புருஷன் என்று நினைத்து, என்னங்க வீட்டுக்குப் போலாமா என்றார். உன் கொழுந்தன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

ஆக அவர் இப்படி ஆனது உங்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நான் வைத்திருந்த கேள்வியைக் கேட்கிற அன்றைக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. என் துணைக்கு ஒருத்தர் வருவார் என்று பேர் சொல்லாமல் போன கடிதத்தில் எழுதினாயே, அவர் துணைக்கு நான் என்று எழுத உனக்குக் கை வரவில்லையா. உள்ளதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுச் சரி என்றிருப்பேன். இப்போதும் வருகிறேன், உனக்காக. கிளம்புவதற்கு முன் அவரை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி உன் கொழுந்தனிடம் பேசு. அவர் பாஸ்போர்ட்டும் என் பையில் இருக்கட்டும். விமானத்தில் அவருக்கு ஜன்னல் ஓரம், எனக்கு நடைபாதை ஓரம் கேட்டு வை.

குனிந்து வீடு துடைக்காதே, சீரகத் தண்ணீர் குடி. தாயும் பிள்ளையும் ரெண்டு உயிராக நல்லபடி பிரிய என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லி வை. பஸ் விஷயத்தை இனி அவர் அம்மாவிடம் கேட்கமாட்டேன், அவரிடம்தான் கேட்பேன். அன்றைக்கு மாலையும் கழுத்துமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு இன்னும் மறதி வருகிற வயதாகவில்லை.

உன் மேல் கோபமாக இருக்கும் அம்மா,
பவுனம்மாள்