வலப்பக்கம் விழுந்த பூ

ஆடி, கடைசி வெள்ளி. இரவு.

இன்று மலைமேல் அம்மனிடம் பூ கேட்டார்கள். கல்குவாரியைக் கோயில் பக்கமாகத் தோண்டலாமா என்பதுதான் கேள்வி. சிலையின் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. வெகுநேரம் பூ அசையவில்லை. அப்போது கீழே குவாரியில் வெடி வைத்தார்கள். காலடியில் பாறை அதிர்ந்தது. பூ வலப்பக்கம் விழுந்தது.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா!" என்று பூசாரி கத்தினார். குவாரி முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருவிழாச் செலவு முழுக்க அவருடையது.

"வெடியிலதான் விழுந்துச்சு" என்றேன்.

"வந்துட்டாரு இன்ஜினியரு. வாய மூட்றா" என்றார் ஊர்த்தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். குவாரியில் துளை போடும் என் அண்ணனும் சிரித்தான்.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் ஒரு விரிசல் இருக்கிறது. போன ஆடியில் அதற்குள் விரல்கூட நுழையவில்லை. இன்று கை நுழைந்தது. அண்ணனை இழுத்துப்போய்க் காட்டினேன்.

"அம்மா கண்ணத் தொறந்துட்டாடா" என்றவன், விரிசலுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டான்.

நாளை அதற்கு நேர் கீழேதான் அவனுக்கு வேலை. உத்தரவு கிடைத்த நிம்மதியில் பக்கத்தில் குறட்டை விடுகிறான். எழுப்பிச் சொன்னால் அடிப்பான்.

அடிக்கட்டும். எழுப்பப் போகிறேன்.