குபாத்தைத் தாண்டிப் போகும் ரோடு

அன்பு மகள் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், ஆடுகள் இருக்கின்றன, அடுப்பு எரிகிறது, அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நீ வேலைக்குப் போன அந்த ரஷ்யக் கசான் ஊர்க் குளிரில் நெஞ்சுச் சளி இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன், உன் அப்பாவுக்குக் கண் போனதிலிருந்து காது கூர்மையாகிவிட்டது, அடுத்த அறையில் முணுமுணுத்தாலும் "யார்கிட்ட என்ன பேசறே?" என்கிறார். பக்கத்து வீட்டு சாகின் உங்கள் ஊருக்கே வேலைக்கு வருகிறான், அவன் கையில் இதையும் ஒரு பை குருத் தயிர் உருண்டைகளும் கொடுத்தனுப்புகிறேன். எல்லாவற்றையும் கூட இருக்கும் பெண்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு நீ வெறும் பையை முகர்ந்துகொண்டு இருக்காதே.

சாகின் கிளம்பினால் இங்கே என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவை நம் வெள்ளைக் காரில் வாரம் மூன்று தடவை கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ண ஓட்டிப் போனது அவன்தான். போன குளிரில் பனி மூடி ஒரு தடவை போகாமல் விட்டதற்கே இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மனிதர் உட்கார்ந்தபடியே விடியவைத்தார். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு "அடுத்தடுத்து ரெண்டு தடவ விட்டுட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வந்தும் பிரயோஜனமில்லக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மினிபஸ்காரர்கள் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்கிறார்கள். அதனால்தான் இந்த வயதில் உன் அம்மா கார் ஓட்டக் கிளம்பினாள், சிரிக்காதே.

நீ அன்றைக்குச் சொன்னாய், "எதுக்கும்மா இவ்வளவு பாடு, நான் பணம் அனுப்பறேன், லைசென்ஸை வாங்கிடு, எல்லாரும்தான் வாங்கறாங்க" என்று. நான் போனை வைத்துவிட்டேன். கோபம்தான், இன்னும் தீரவில்லை. உன் அண்ணன் குபாத்தும் அப்படித்தான் வாங்கினான். பரீட்சை நடக்கிற பக்கமே போகாமல் அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு "பாத்தியாம்மா" என்று சிரித்தான். அதே கணவாயில், முதல் பனியில், இறக்கத்தில் கியரைக் குறைக்கத் தெரியாமல் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுந்தான். விலைக்கு வாங்கின லைசென்ஸ் இந்த வீட்டுக்கு அந்த ஒன்று போதும். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்காதே.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது உன் அப்பாதான். முற்றத்தில் காரை நிறுத்திப் பக்கத்து சீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், கண் தெரியாவிட்டால் என்ன, என்ஜின் சத்தத்தை வைத்தே திட்டுவார். "கிளட்ச்ச அப்படி உதைக்காதே, அது என்ன உன் மாமியாரா?" என்பார். இறக்கத்தில் கியர் குறைக்கிறதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் பரீட்சையில் மைதானத்துச் சோதனை எல்லாம் நன்றாகவே போனது, கம்பங்களுக்கு நடுவில் பின்னால் எடுத்தேன், மேட்டில் நிறுத்தி உருளாமல் கிளப்பினேன். பிறகு பரீட்சை எடுக்கிற போலீஸ் மேஜர் ஒருவர் ஏறி உட்கார்ந்து ரோட்டுக்கு எடுக்கச் சொன்னார். நம் ஊரில் ரோடு என்றால் எது, கல்லறைத்தோட்டத்தை ஒட்டிப் போகிற அதுதானே. வேலியோரம் குபாத்தின் கல் தெரிந்ததும் நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன், அவனுக்கு துஆ கேட்டு இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவி ஓமின் சொன்னேன். எந்த வண்டியில் கல்லறையைத் தாண்டினாலும் எல்லோரும் செய்கிறதுதானே, யோசித்தா செய்கிறோம். கார் ஓரமாகச் சரிந்தது. மேஜரும் தன் பங்குக்கு ஓமின் சொல்லி முடித்துவிட்டு, அந்தக் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். "ஃபெயில் அக்கா" என்றார். நீயும்தானே தம்பி கையைத் தூக்கினே என்றேன். "நான் ஓட்டலையே" என்றார். "கையை விட்டாலும் தானா வழி பாத்துப் போறதுக்கு இது குதிரையா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "அங்க யாரு?" என்றார். என் மகன் என்றேன். "அல்லாஹ் அவனுக்கு இரங்கட்டும். ஆனாலும் ஃபெயில்தான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, குபாத்துக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. உன் அப்பாவிடம் கம்பத்தில் இடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

இரண்டாம் தடவையும் அதே மேஜர், அதே ரோடு. கல் வந்தது, விரல் எலும்பு தெரிகிற மாதிரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி ஓட்டினேன். பெற்ற பிள்ளையை எவன் வீட்டு வேலியோ என்பதுபோல் தாண்டினேன், பெர்மெத். மேஜர் பாஸ் என்று கையெழுத்துப் போட்டார், எனக்குச் சந்தோஷம் என்று ஒரு பொட்டு இல்லை.

வீட்டுக்கு வந்து பாஸ் என்று சொன்னேன். உன் அப்பா உடனே "குபாத்தைத் தாண்டறப்ப கை எங்க இருந்தது?" என்றார். இத்தனை வருஷம் லாரி ஓட்டினவர் இல்லையா, போன தடவை எந்தக் கம்பத்தில் இடித்தேன் என்று அப்போதே தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் என்றேன். "இனிமேலும் அங்கேயே இருக்கட்டும், என் கை சும்மாதானே கிடக்கு, அந்த இடம் வந்ததும் சொல்லு, உனக்கும் சேத்து நான் ஏந்தறேன்" என்றார். நேற்று முதல் தடவையாக அவரை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிப் போனேன், சாகின் பின்சீட்டில் துணைக்கு வந்தான். இடம் வந்தது, சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது. சாகின்தான் "சித்தப்பா, இங்கதான்" என்றான். ஓமின் என்று அவர் சொன்னதை மட்டும் கேட்டேன், ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். கணவாய் இறக்கத்தில் இரண்டாவது கியரில்தான் இறங்கினேன், பயப்படாதே.

டாக்டரம்மா இப்போது வருஷக் கணக்கில் பேசுவதில்லை, இந்தக் குளிர்காலம் தாண்டட்டும் என்கிறாள். அவரும் போய் மகன் பக்கத்தில் படுத்துவிட்டால் அங்கே இரண்டு பேர் இருப்பார்கள், காரில் நான் மட்டும் இருப்பேன், என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு தடவை லீவு போட்டு வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், நல்லவர்கள் கண்ணில் படு. கம்பளிக் காலுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. அப்பாவிடம் போனில் பேசும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
சைரா