மூன்று விமானத் தொலைவு

பாண்ட் இன்லெட்,
வட கனடா,
11 மார்ச் 1994

அன்புள்ள லீத்தியாவுக்கு, அக்கா ஊலூசி எழுதுவது.

நானும் உன் அத்தானும் நலம். போன் செய்தால் உன் கணவர்தான் எடுக்கிறார், நீ வருவதே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து முப்பத்தைந்து நாள் ஆகிறது. "இது உனக்குத்தான்க்கா" என்று வயிற்றில் இருக்கும்போதே சொன்னவள் நீ. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. இக்காலுயிட் ஆஸ்பத்திரியில் பெற்றவள் நேரே இங்கே வராமல் ஏன் உன் ஊருக்குப் போனாய்?

உன் அத்தான் வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தார். நம் இரண்டு ஊருக்கும் நடுவே நானூற்று நாற்பது கிலோமீட்டர்தான். நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேரம். நாய்வண்டியில் புறப்பட்டிருந்தால்கூட இந்நேரம் வந்திருப்பாய்.

ஊலூசி

கிரைஸ் ஃபியர்ட்,
24 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் அளவுகோல் மேல் விமானம் ஓடினால் நானும் நேற்றே வந்திருப்பேன். ரெசொலூட், இக்காலுயிட், பிறகு உன் ஊர். மூன்று விமானம் மாற வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா?

பெரியவனுக்குக் காய்ச்சல் என்றதால்தான் வீட்டுக்கு வந்தேன். போன வாரம் புறப்பட்டு, ரெசொலூட்டில் புயலில் ஐந்து நாள் அடைபட்டோம். ஆறாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்துக்கு மறுபடி டிக்கெட் போட்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு நம் அப்பாவின் பெயர் வைத்திருப்பதால், அப்பாவே திரும்பி வந்த மாதிரி, அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறேன். நன்றாகப் பால் குடிக்கிறார்.

லீத்தியா

பாண்ட் இன்லெட்,
6 ஏப்ரல்

லீத்தியா,

"ஒரே பனிமூட்டம், விமானமே கிளம்பல" என்றார் உன் கணவர் போனில். மனசு கேட்காமல் நேற்று விமான நிலையத்துக்குப் போய் நின்றேன். உன் ஊர் ஜெய்பிட்டி இறங்கினார்.

"லீத்தியா எங்கே?" என்றேன்.

"அவளா? படிக்கட்டு வரைக்கும் வந்தா. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே திரும்பிட்டா. ஏறச் சொல்லி விமானி கத்தினாரு."

"பனிமூட்டம்னாங்களே?"

"பனிமூட்டமா? வானம் பளிச்சுனு இருந்துச்சு!"

ஜெய்பிட்டி முன்னால் நான் நின்ற நிலை உனக்குத் தெரியாது. எனக்கு வயிற்றில் பிள்ளை தங்காது என்பது ஊருக்கே தெரியும். தருவாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை எழுது. வானத்தின் மேல் பழி போடாதே.

ஊலூசி

கிரைஸ் ஃபியர்ட்,
14 ஏப்ரல்

அக்கா,

பொய்தான். நான்தான் என் கணவரை அப்படிச் சொல்லச் சொன்னேன். ஆனால் ரெசொலூட் புயல் உண்மை. அந்த அறையில் நானும் பிள்ளையும் மட்டும். நான்காம் நாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அதற்கு முன்னால் என்றால் கொடுத்திருப்பேன் அக்கா. விமானம் நேரத்துக்குப் பறந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

இப்போது முடியவில்லை. திட்டு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

லீத்தியா

பாண்ட் இன்லெட்,
2 மே

லீத்தியா,

பதினோரு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. "விட்டுடு ஊலூசி, அவ பெத்தவ" என்றார் உன் அத்தான். இரண்டு நாள் அவரோடும் பேசவில்லை.

என் கோபம் தீரவில்லை. இதை இப்படியே எழுதி வைக்கிறேன்.

பத்தாம் தேதி புறப்படுகிறேன். மூன்று விமானம், எத்தனை நாள் ஆகுமோ. பிள்ளையைப் பிடுங்க வருகிறாள் என்று எங்கேயும் போய் ஒளிந்துகொள்ளாதே. அப்பாவை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வா. இறங்கியதும் நான்தான் அவரை வாங்குவேன்.

திருப்பித் தருவேன்.

அக்கா