நான் போட்ட இதயம்

ரூர்மோண்ட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள இங்க்ரிட்,

இங்கே நான் நலம், முட்டிவலியும் என்னோடு நலமாகவே இருக்கிறது. நீ வெலிங்டனில் நலமா என்று வழக்கம்போல் கேட்க இந்த முறை வெட்கமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை உன் பிறந்தநாள். நீ உலகத்தின் மறுகோடியில் இருந்தாலும் பெற்றவள் நான்தானே, அதனால் வாழ்த்து வாங்கிக்கொள்ள எப்போதும்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காபியும் செர்ரிப்பழ ஃப்ளாய் கேக்கும் தயாராக வைத்திருந்தேன். எல்லாரும் வந்து என் கையைக் குலுக்கி வாழ்த்தினார்கள், அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் அத்தை லீஸ் உட்கார்ந்ததுமே, இங்க்ரிட் முடிய ஒட்ட வெட்டிக்கிட்டாளே, பார்த்தீங்களா அண்ணி, என்று ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு மத்யூ விடுவாரா, அவ ஃபோன்ல படம் போட்ட பூசணி சூப்பைச் செஞ்சு பார்த்தேன், உப்பு பத்தல, என்கிறார். ஃப்ளாயை வெட்டி எடுப்பதுபோல் ஆளுக்கொரு துண்டாக என் மகளை என் வீட்டிலேயே எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்குத் தெரியாத எதையாவது சொல்லிவிட வேண்டும் என்ற வீம்பில், தைஸ் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான், எனக்குக் கவலையே இல்லை என்றேன்.

எல்லாரும் லீஸைப் பார்த்தார்கள். லீஸ்தான் மெதுவாகச் சொன்னாள், அண்ணி, தைஸ் அவளை விட்டுட்டுப் போய் ரெண்டு மாசமாச்சே, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன், நீங்க அதுக்கு இதயம்கூடப் போட்டிருக்கீங்களே, என்று. ஃபோனைக் காட்டினாள். காலி நாற்காலி, ஒற்றைக் கோப்பை, கீழே நீ எழுதிய மூன்று வரி, அதற்கும் கீழே என் இதயம்.

இங்க்ரிட், நான் அதைப் படிக்கவில்லை. காலையில் ஃபோனில் உன்னைத் தேடிப் போனால் லீஸின் பேரன் பல், எங்கோ ஒரு போர், செருப்பு விளம்பரம், யாரோ ஒருவரின் பூனை, எல்லாவற்றையும் தாண்டித்தான் உன்னிடம் வர முடிகிறது. அதற்குள் கண் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். பார்க்கவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் அழுத்திவிடுவேன். படித்து முடிக்காமல் பதில் எழுதினால் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் கொர்னேலியா விரலில் அடிப்பார், அந்த அடி எனக்கு இப்போது வேண்டும். அவன் போனதில் அம்மாவுக்குச் சந்தோஷம் என்று நினைத்தாயா? அதனால்தான் ஃபோனில் அவன் பேச்சையே எடுக்கவில்லையா?

இதயம் போட வைக்கும் அந்தச் சனியனையே ஃபோனிலிருந்து எடுத்துவிட்டேன். அப்ப உலகத்துல நடக்கிறது எப்படித் தெரியும் என்கிறாள் லீஸ். உலகத்துக்குச் செய்தித்தாள் இருக்கிறது, உன் செய்திக்கு நீ இருக்கிறாய். ஊருக்குச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை, எனக்கு முதலில் சொல். உன் அப்பா இறந்தபோது நான் முதலில் கூப்பிட்டது உன்னைத்தான், அவர் கூடப் பிறந்த லீஸுக்கே பிறகுதான் சொன்னேன். அவளுக்கு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் மூன்று பிள்ளைகள், என் மகளும் அவளுக்கு எதற்கு?

நேரத்துக்குச் சாப்பிடு. மத்யூ சொன்னார் என்று சூப்பில் உப்பைக் கூட்டாதே. கடவுள் உன்னைத் தனியாக விடமாட்டார், நானும்தான்.

கழிப்பறைக் கதவில் தொங்கும் பிறந்தநாள் நாள்காட்டியில், மார்ச் மாதத்தில், நீ எழுதிய தைஸின் பெயர் அப்படியே இருக்கிறது. லீஸ் அன்று உள்ளே போய்விட்டு வந்து, பேனா இருக்கா அண்ணி, அடிச்சிடலாம், என்றாள். இல்லை என்றுவிட்டேன். அடிக்கட்டுமா, இருக்கட்டுமா, கூப்பிட்டுச் சொல். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால்.

உன் அம்மா