தனத்தின் தோளில் ஒரு பெருமாள் பூச்சி

என் அன்பு மச்சானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். வேறு யாராவது அங்கே வந்து உங்களிடம் கோள் மூட்டுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. போன வாரம் கொல்லையில், அவரைப் பந்தலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு வெட்டுக்கிளியிடம், "மோவாயக் கொஞ்சம் தூக்குங்க... ஆடாதீங்க... மூச்சு விடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மோர் விற்கிற அஞ்சலை நின்றிருக்கிறாள். இப்போது குரும்பலூரே எனக்கு மந்திரிக்க ஆள் தேடுகிறது.

அந்த வசனம் உங்களுடையதுதானே? அரியலூர் ஸ்டேஷன் பக்கத்தில் படக்கடை வைத்து, ஊரில் இருந்தவனையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து மூச்சடக்க வைத்தவர் நீங்கள். உங்களுக்கு மிராசுதாரர்களே அடங்கினார்கள். எனக்கு ஒரு வெட்டுக்கிளி அடங்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பெரிய கேமராவைத் திருச்சிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். சின்னப் பெட்டிக் கேமராவை மட்டும் அக்கா என் மடியில் வைத்தாள். "நீ வச்சுக்கடா. எலி கடிக்காமப் பாத்துக்க" என்றாள். அக்காவும் உங்கள் மகள் தனமும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் கடையில் இப்போது சோடா போடுகிறார்கள். நீங்கள் படம் கழுவிய இருட்டறையில் கோலிக்குண்டு பாட்டில்கள் நிற்கின்றன. கோபப்படாதீர்கள், சோடா நன்றாகத்தான் இருக்கிறது.

எலிக்குக் காவல் இருந்தவன் எப்படிப் பூச்சிக்குப் போனேன் என்று கேட்பீர்கள். மனிதர்களை எடுக்க எனக்குப் பயம் மச்சான். 'என்னைக் கறுப்பாக எடுத்துவிட்டாய்' என்று உங்களிடம் எத்தனை பேர் சண்டைக்கு வந்தார்கள்! பொன்வண்டு அப்படி வராது. அதற்குப் பவுடர் வேண்டாம், இரவல் பட்டுச்சேலை வேண்டாம், அது உடுத்தியிருப்பதே பட்டு. படத்தில் அந்தப் பச்சை வருவதில்லை என்பது மட்டும்தான் எனக்குக் குறை. பொன்வண்டுக்குக் குறையில்லை.

இரண்டாங்கிளாஸ் தாண்டாதவன் என்றாலும் தொழிலைக் கண்டுபிடித்துவிட்டேன். பெட்டியின் கண்ணுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை மெழுகு வைத்து ஒட்டினேன். எவ்வளவு தூரத்தில் பூச்சி தெளிவாக விழுகிறது என்று பார்த்து, என் கயிற்றுக்கடைச் சணலைப் பெட்டியில் கட்டி, அந்த அளவில் ஒரு முடிச்சுப் போட்டேன். முடிச்சு பூச்சியின் மூக்குக்கு நேராக வந்தால் சரி. காலையில் பனி காய்வதற்குள் போனால் இறக்கை விறைத்துக் கிடக்கும், நகராது. தட்டான், குளவி, கட்டெறும்பு, எல்லாரும் என் வாடிக்கை. கொஞ்சம் வெயில் ஏறட்டும் என்று அதன் பக்கத்திலேயே குந்தியிருக்கிற நேரம் இருக்கிறதே, அதுபோல ஒரு சுகம் எனக்குக் கடையில் கிடைப்பதில்லை.

பிலிம் ரோல்தான் பஞ்சம். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான், ரோல் மட்டும் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. திருச்சியில் சொல்லிவைத்து, பல்லைக் காட்டி, ஒன்று வாங்கினேன். அதில் எட்டுப் படம். ஏழு எனக்கு, ஒன்று தனத்துக்கு என்று அக்காவிடம் ஒப்பந்தம்.

தனத்துக்கு ஏன் என்றால், உடையார்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்குப் பம்பாயில் மில் வேலை. அவன் தாயார் வந்து பார்த்தார், அவருக்குப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. பையன்தான், படத்தைப் பார்க்காமல் சரி சொல்ல மாட்டேன் என்று எழுதிவிட்டான். வேறொரு பெண்ணின் படமும் பம்பாய்க்குப் போயிருக்கிறது என்று கேள்வி. நமக்கோ அப்பன் இல்லாத பெண். தாய்மாமன் நான் ஒருவன். என்னை நம்பி அந்த ஒரு படம்.

அன்று காலை ஏழாவது படமாக ஒரு கும்பிடுபூச்சி மாட்டியது. கையைக் கூப்பிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தது. எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா கத்தினாள்: "டேய், வெயிலு ஏறுது, பொண்ணு வேர்க்குறா, வாடா!" பூதக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். முருங்கை மரத்தடியில் தனம் நாற்காலியில் தயாராக இருந்தாள். மூச்சு விடாதே என்றேன், எடுத்தேன். எடுத்த பிறகுதான் ரோலைச் சுற்றினேன்.

பூச்சியை எடுத்ததுமே ஒரு தரம் சுற்றியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே உறைத்திருக்கும். எனக்குத் திருச்சியிலிருந்து படம் வரும்வரை உறைக்கவில்லை.

தனம் அழகாகத்தான் விழுந்திருந்தாள். அவள் தோளில், கோழி பருமனுக்கு ஒரு கும்பிடுபூச்சி, அவள் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தது. ஒரே படத்தில் இரண்டு பேரையும் எடுத்திருக்கிறேன். ரோலில் எட்டாவது இடம் எடுக்கப்படாமல் வெறுமையாகக் கிடந்தது.

அக்கா படத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. "அவரு இருந்தா எம்பொண்ணு படம் இப்பிடியா வந்திருக்கும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம் மச்சான். தனம்தான் பக்கத்தில் வந்து, "மாமா, ரெண்டு பேருல பொண்ணு யாருன்னு அம்புக்குறி போட்டு அனுப்புங்க" என்றாள். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு.

புது ரோல் தேடி மறுநாள் திருச்சி போகலாம் என்றிருந்தேன். அன்றைக்கே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார் பையனின் தாயார். "படம் வந்துருச்சாமே, குடுங்க. இன்னிக்கே தபால்ல போட்டாத்தான் அவன் கைக்குக் காலத்துல போய்ச் சேரும்" என்றார். ஒளிக்க நேரமில்லை, படம் தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இது என்னங்க தோளுல?"

என் வாயில், கும்பிடுபூச்சிக்கு எங்கள் அம்மா வாலிகண்டபுரத்தில் சொல்கிற பேர்தான் வந்தது. "அது பெருமாள் பூச்சிங்க."

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். 'பூச்சி' என்றதை விட்டுவிட்டார். "பெருமாளா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கைகூப்பி வந்து நிக்கிறாரே எம்பெருமாளே! இவ எங்க வூட்டுக்குத்தான்னு சொல்ல வந்திருக்காரு!"

அக்கா அடுப்படி வாசலில் நின்று, நான் வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். கல்யாணம் முடிந்த மாதிரிதான். அப்போது தனம் முன்னால் வந்தாள்.

"அத்தே," என்றாள், நல்ல சத்தமாக. "அது பெருமாளு இல்ல. பூச்சி. கும்பிடுபூச்சி. மாமா ரோல சுத்த மறந்துட்டாரு. பொய்யச் சொல்லி உங்க வூட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல. வேற படம் எடுத்துத் தரோம். அதுக்குள்ள அவருக்கு வேற பொண்ணு புடிச்சுப்போனா, போவட்டும்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா படத்தை மறுபடி பார்த்தார். பூச்சியைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார்.

"பூச்சியா இருந்தா என்னடி? பேரு பெருமாள் பேருதான?" என்று படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த வாயி எனக்குப் புடிச்சிருக்கு. எங்காதுக்கு இப்பிடிக் கத்திப் பேசுற மருமவதான் வேணும்."

பம்பாயிலிருந்து பதில் வந்தது. பையனுக்கு ரோல் சங்கதி யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. இவ்வளவு பெரிய பூச்சி தோளில் உட்கார்ந்தும் அசையாமல் இருக்கிற பெண், பம்பாய் மூட்டைப்பூச்சிக்குப் பயப்பட மாட்டாள், இவளே போதும் என்று எழுதியிருந்தான். தனம் அவனுக்கும் உண்மையை எழுதிவிட்டாள். அவன் அதற்கும் சரி என்றுவிட்டான். நீங்கள் இருந்திருந்தால் என்னை அடித்திருப்பீர்களா, கட்டிப்பிடித்திருப்பீர்களா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். முதலில் எது?

தை மாதம் கல்யாணம் நன்றாக முடிந்தது. அக்கா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தனம் இப்போது பம்பாயில். மூட்டைப்பூச்சி இருக்கிறதாம், படம் எடுக்க வரச்சொல்லி எழுதியிருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மச்சான். அக்காவை நான் பார்த்துக்கொள்வேன். தனம் எப்போது ஊருக்கு வந்தாலும் தாய்வீட்டுச் சீரோடு ஒரு படமும் எடுத்து அனுப்புவேன். உங்கள் பெட்டியை எலி கடிக்கவும் விடமாட்டேன்.

கல்யாணப் படத்தையும் நான்தான் எடுத்தேன். ரோலைச் சரியாகச் சுற்றியிருந்தேன். நேற்றுத் திருச்சியிலிருந்து வந்தது. மாலைகள் பூப்பூவாகத் தெரிகின்றன. தனத்தின் கால் மிஞ்சி தெரிகிறது. மாப்பிள்ளையின் வேட்டிக் கரை தெரிகிறது. பூச்சிக்குக் குந்திப் பழகியவன், அன்றும் குந்தியே எடுத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் கழுத்துக்கு மேலே வரவில்லை. அக்கா அதைக் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன், தனத்தின் தாய்மாமன்,
கயிற்றுக்கடை முத்துச்சாமி