வலப்பக்கத்து ஊசி

என் செல்லத் தம்பி குகனுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிற உன் ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். அக்கா என்பதால் எனக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கவிதை எழுதித்தர ஆள் இருக்கிறது, நீங்கள் பெயரைப் போட்டால் போதும் என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். அதற்காக என் தம்பியோடு கதைக்க இன்னொருவரின் வாயை இரவல் வாங்க வேண்டுமா?

மற்றவர்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் நீ பொன்மனம் படைத்தவன். பிழை என்ன நிறம் என்றே தெரியாதவன். நீ தொட்டதெல்லாம் துலங்கியதாம். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏன் என்று எழுதுகிறேன். வாசிக்கிற சனமும் தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் நல்ல செய்தி. உன் விமானத்தை விற்கவில்லை. விற்க விடவும் இல்லை.

ஊரில் குண்டு போடுகிற பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கர்க் குழிக்குள் ஓடின பிள்ளைக்கு ஏன் இந்த விமான விசர் என்று அன்று கேட்டவர்கள்தான், நீ போய் ஒரு மாதத்துக்குள் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார்கள். லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒன்பது வருடம் நீ தகடு வெட்டி ஆணி அடித்த சத்தம் அவர்களுக்குத் தெரியாது. இடது இறக்கை எங்கள் ஹோலில் மூன்று மாதம் படுத்துக் கிடந்ததே, நினைவிருக்கிறதா? பொங்கலுக்கு வந்தவர்கள் அதன்மேல் கோட்டுகளைக் கழற்றிப் போட்டார்கள். நீ ஒவ்வொன்றாகத் தூக்கி மடித்து வைத்தாய். ஒருவரையும் ஏசவில்லை. அன்றைக்கே நான்தான் ஏசியிருக்க வேண்டும்.

லண்டனின் கிழக்கு ஓரத்தில், அந்தப் புல்வெளியில் இருக்கிற கொட்டகைக்கு அதைக் கொண்டுபோய் இறக்கைகளைப் பூட்டி முடித்தாய். இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன விமானம், தன் காலில் தானே நின்றது. இன்னும் கொஞ்ச வேலைதான் மிச்சம் என்றாய். அந்தக் கொஞ்சத்தில் பெற்றோல் மீற்றரும் ஒன்று.

உன் சிநேகிதன் சிறிதான் அந்த வேலையை எனக்கு விளங்கப்படுத்தினான். சிறியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எலெக்ட்ரீஷியன், விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறவன், குகன் கட்டியதை முதலில் ஆகாயத்துக்குக் கொண்டுபோகப் போகிறவன். கடையில் வாங்குகிற காரில் மீற்றரைக் கம்பனிக்காரன் சரிபார்த்துத் தருகிறான். நாமே கட்டிய விமானத்துக்கு நாமேதான் பார்க்க வேண்டும். இரண்டு இறக்கைக்கும் இரண்டு தொட்டி, இரண்டு ஊசி. தொட்டிக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கும். எண்ணெய் ஏற அது ஏறும், ஊசியும் ஏறும். அளந்து அளந்து ஊற்றி, ஊசி நிற்கிற இடத்தில் கோடு போட வேண்டும். இவ்வளவுதான்.

"அக்கா, நீங்கள் வராதேங்கோ. பெற்றோல் மணத்துக்குத் தலையிடிக்கும்," என்றான்.

"ஆருக்கு? எனக்கோ?" என்றேன்.

அவனுக்குத் தெரியாது. ஊரில் சண்டை நடந்து பெற்றோல் தடை இருந்த காலத்தில், பதின்மூன்று வயதில் றோட்டோரம் போத்தலில் பெற்றோல் விற்றவள் நான். நீ புனலைப் பிடிப்பாய், நான் ஊற்றுவேன். அடி மேடான போத்தல் எது, நுரையைக் காட்டி ஏமாற்றுகிறவன் எவன், எல்லாம் பார்த்த கண் இது. பள்ளிக்கூடம் தராததை அந்த றோட்டு தந்தது.

நான் வேலை செய்கிற ஸ்கூல் கன்டீன் பூட்டியிருக்கிற சனிக்கிழமை சிறியும் நானும் கொட்டகைக்குப் போனோம். விமானத்தின் வாலைத் தூக்கி ஒரு மேசைமேல் ஏற்றினோம். ஆகாயத்தில் எப்படி நிற்குமோ அப்படி நின்றால்தான் கணக்குச் சரி. பொறி பறக்காமல் இருக்க எர்த் வயரைக் கொழுவினோம். கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்தோம். எஞ்சினுக்கு எட்டாமல் தொட்டியின் அடியிலேயே தங்கிவிடுகிற எண்ணெய் கொஞ்சம் உண்டாம். முதலில் அதை ஊற்றிவிட்டு அங்கே பூச்சியம் போட வேண்டும். பிறகு ஐந்து ஐந்து லீற்றராக.

நான் ஊற்றினேன். சிறி உள்ளே இருந்து ஊசியைப் பார்த்தான். நுரை அடங்கட்டும் என்று நான் காத்திருக்க, அவன் "ஓகேயா அக்கா, ஓகேயா அக்கா?" என்று அவசரப்பட்டான். "அவதிப்படாதை. பிள்ளைப்பெறுவோ இது?" என்றேன். ஒவ்வொரு முறையும் உள்ளே எட்டி, மீற்றரின் வெள்ளை முகத்தில் ஒவ்வொரு கோடும் பென்சிலால் நான்தான் போட்டேன். முழுக்க நிரம்பிய பிறகு ஐந்து ஐந்தாக இறக்கியும் பார்த்தேன். ஊசி கோடு கோடாக நின்று நின்று இறங்கியது. இடப்பக்கம் சரி.

ஞாயிறு வலப்பக்கம். நிரப்பி முடித்தபோது கோடுகள் இடப்பக்கம் போலவே வந்தன. சிறி கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

"முடிஞ்சுது அக்கா. வாங்கோ, ரீ குடிப்பம்."

"இறக்கிப் பார்க்கேல்லை."

"இனி ஏன் இறக்கிறது? ஏறினது சரியா ஏறிச்சுதுதானே."

"மேல போனா எண்ணெய் கூடுமோ, குறையுமோ?"

"குறையும்."

"அப்ப குறையேக்கை இது என்ன சொல்லுதெண்டு பார்க்காமல் வீட்டை போறதோ? உனக்கு ரீதான் முக்கியமெண்டால் நீ போய்க் குடி."

முணுமுணுத்துக்கொண்டு திரும்பி ஏறினான். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து பெற்றோல் கானுக்குள் இறக்கினேன். முக்கால் வரைக்கும் ஒழுங்காக வந்தது. பாதிக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது, தம்பி. நான் இறக்க இறக்க ஊசி பாதியிலேயே நின்றது. கடைசிச் சொட்டும் கானுக்குள் விழுந்தது. தொட்டிக்குள் ஒன்றும் இல்லை. ஊசி இன்னும் பாதி இருக்கு என்கிறது.

சிறி இறங்கி வந்து இறக்கையில் கையால் ஓங்கித் தட்டினான். ஊசி பொத்தென்று விழுந்தது.

"தட்டினா விழுகுது," என்றான், ஏதோ சமாதானம் சொல்வது போல.

"மேல நிண்டு ஆர் தட்டிறது? முகிலோ?"

"மீற்றரை ஆரக்கா நம்பிறது? ஏற முன்னம் நாங்கள் தொட்டிக்குள்ள தடி விட்டுப் பார்ப்பம்."

"அப்ப இதை ஏன் பூட்டினது? வடிவுக்கோ?"

அவன் சின்ன ஸ்டூலில் போய்க் குந்தினான். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். வலப்பக்கத்து மிதவையைப் பூட்டியது நீ புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்த கடைசி மாதத்திலாம். மருந்தால் உன் விரல்கள் விறைத்திருந்தனவாம். ஸ்குரூவைப் பிடித்திருக்கிறாயா, விட்டுவிட்டாயா என்றே தெரியாமல் நின்றாயாம். அவன் உதவிக்கு வர, "விடு, நான் ஒருத்தனாச் செய்யிறன்," என்று கத்தினாயாம். அவன் வெளியே போய் நின்றானாம்.

"எனக்கு அண்டைக்கே சந்தேகம் அக்கா. ஆனா அவன் முடிச்சுப்போட்டு வெளியில வந்து சிரிச்ச சிரிப்பு... எப்பிடிக் கழட்டச் சொல்லிறது? அதுதான் அவன் செய்த கடைசி வேலை. அப்பிடியே இருக்கட்டும். நான் அவதானமா ஓட்டுவன்."

எனக்கு வந்த கோபம் அவன்மேலா, உன்மேலா? இன்றுவரை தெரியவில்லை.

"அவன்ர படத்துக்குப் பக்கத்தில உன்ர படத்தையும் சுவரில கொழுவச் சொல்லிறியோ?" என்றேன். அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்து, மிதவையைக் கழற்றப் போகிறேன் என்று உன் அத்தானிடம் சொன்னேன். அவர் உன்னில் எவ்வளவு பட்சம் என்று உனக்குத் தெரியும்.

"கழட்டாதையப்பா. அவன்ர கை பட்டது," என்றார்.

"கை பட்டதெண்டால் சரியெண்டு அர்த்தமே?"

"கடைசி வேலையல்லோ."

"கடைசி வேலையெண்டால் திருத்தக்கூடாதோ?"

"நீ கல்நெஞ்சுக்காரி."

ஓம், கல்நெஞ்சுக்காரிதான் என்றேன். அவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் தானே என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே வரவில்லை. காருக்குள்ளேயே இருந்தார். உள்ளே சிறி காத்திருந்தான்.

இறக்கையின் அடிப்பக்கத்தில், தொட்டியின் வாயை மூடியிருக்கிற தகடு; மிதவை அதில்தான் பூட்டியிருக்கிறது. ஐந்து ஸ்குரூ. கசியாமல் இருக்கச் சுற்றிவரக் கரும்பூச்சு. அந்தப் பூச்சில், குகன், உன் பெருவிரல் பதிந்திருந்தது. ரேகை எல்லாம் அப்படியே. ஒரு இடத்தில் அல்ல, நாலைந்து இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக. விறைத்த விரலால் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்திருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல மாட்டேன்.

சிறி மெல்லச் சொன்னான், "ஒரு படமாவது எடுத்து வைப்பம் அக்கா."

"வேண்டாம். சுரண்டியைத் தா."

பழைய பூச்சு ஒரு துளி மிஞ்சினாலும் புதுப்பூச்சு ஒட்டாது, பிறகு கசியும். ஆகவே முழுவதையும் சுரண்டினேன். உன் ரேகையையும் சுரண்டினேன். ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் குப்பைப் பைக்குள் போட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று இந்த மலரில் யாராவது எழுத விரும்பினால் தாராளமாக எழுதட்டும், என் பெயரையும் போடட்டும்.

தகட்டை இழுத்து எடுத்தால், மிதவைக் கம்பி வளைந்திருந்தது. உள்ளே விடும்போது எங்கேயோ முட்டியிருக்க வேண்டும். உன் விரலுக்கு அது தெரியவில்லை. எண்ணெய் ஏறும்போது மிதவையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இறங்கும்போது அது தொட்டியின் உள்விளிம்பில் கொழுவி அப்படியே நின்றுவிடும். இதுதான் காரணம். ஒரு சுண்டுவிரல் அகல வளைவுதான்.

நீ ஏன் ஒரு சொல் கேட்கவில்லை? "அக்கா, என்ர விரல் வேலை செய்யேல்லை, ஒருக்கா வந்து பிடி," என்று கேட்டிருந்தால் கன்டீன் ஏப்ரனோடேயே ஓடி வந்திருப்பேனே. என்னிடம் எதை மறைத்தாய், விரல் விறைத்த வருத்தத்தையா, பயத்தையா? இல்லை, நான் பாவம் பார்ப்பேன் என்று நினைத்தாயா?

புது மிதவை வாங்கினோம். கம்பி சுவரில் உரசுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து, சிறி பூட்டினான். பூச்சை நான் பூசினேன். அது இறுகும்வரை சில நாள் காத்திருந்தோம். திரும்பவும் வாலை மேசையில் ஏற்றி, ஐந்து ஐந்தாக நிரப்பி, பழைய பென்சில் கோடுகளை அழித்துப் புதுக்கோடு போட்டேன். பிறகு இறக்கினோம். அந்த நேரம்தான், அன்றும் என்னைக் கூட்டிவந்துவிட்டுக் காருக்குள் இருந்த உன் அத்தான் இறங்கி வந்து எனக்குப் பின்னால் நின்றார். முக்கால். பாதி. பாதியில் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. ஊசி பாதியைத் தாண்டி இறங்கியது. கால். பூச்சியம். ஒருவரும் எங்கேயும் தட்டவில்லை.

"சரி," என்றார் உன் அத்தான். பிறகு கான்களைத் தூக்கி உள்ளே வைத்தார்.

இரண்டு முறை நிரப்பி இரண்டு முறை இறக்கினேன். பரிசோதிக்க வந்த வெள்ளைக்காரர் என் கோடுகளைப் பார்த்து யார் போட்டது என்று கேட்டார். அவனுடைய அக்கா என்றேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

சனத்துக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். என் தம்பி பிழை விட்டவன். உயிரோடு இருந்தான், நோய் வருத்தத்தோடு இருந்தான், விறைத்த கையோடு பிடிவாதம் பிடித்தான், பிழை விட்டான். அவனைப் பிழையே விடாத சாமியாக்கிச் சுவரில் கொழுவினால், அந்தப் பிழைக்குள் இன்னொருத்தனை ஏற்றி அனுப்ப வேண்டி வரும். சாமிப் படம் எனக்கு வேண்டாம். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்துகிற என் தம்பிதான் எனக்கு வேண்டும்.

குகன், காலநிலை சரியானால் சிறி தனியாக மேலே போவான். முதல் பறப்புகளில் வேறு ஒருவரும் ஏறக்கூடாதாம், சட்டம் அப்படி. அவை முடிந்த அடுத்த நாள் பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். பயம்தான். ஆனாலும் ஏறுவேன். கண்ணை மூட மாட்டேன், தேவாரம் பாட மாட்டேன், கீழே எந்த ஊர் என்று கேட்க மாட்டேன். வலப்பக்கத்து ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது பாதியைத் தாண்டி இறங்குகிற அந்த நேரம், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், உன்னை வாய்விட்டு நல்ல ஏச்சு ஏசுவேன். இது சத்தியம்.

உன் கடைசி வேலையைக் கழற்றித் திருத்திய,
உன் அக்கா